மெக்சிகோ ஜெனரல் ஒருவரின் வாழ்க்கையைத் தேதிவாரியாகத் தொகுப்பது எப்படி?

பிறப்பிலிருந்து தொடங்காதீர்கள். 19-ஆம் நூற்றாண்டு மெக்சிகோ ஜெனரல்களுக்குப் பதவி உயர்வுகள்தான் முதுகெலும்பு. தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: தேதி, பதவி, அதைக் கொடுத்த அரசு.

மூன்றாவது கட்டத்தை விட்டால் எல்லாமே குழம்பும். 1858 முதல் 1860 வரை நாட்டில் இரண்டு அரசுகள் இருந்தன. ஜனாதிபதி பெனிதோ ஹுவாரெஸின் தாராளவாத அரசு வெராக்ரூஸ் துறைமுக நகரில். பழமைவாத அரசு தலைநகரில். இரண்டுமே ஜெனரல்களை நியமித்தன. ஜெனரல் மிகெல் மிராமோன் 1859-இல் ஜனாதிபதியானது பழமைவாதிகளின் கணக்கில் மட்டும். 1864 முதல் 1867 வரை பிரெஞ்சு ஆதரவில் மாக்சிமிலியனின் பேரரசு வந்ததும் இதே சிக்கல் திரும்பவும் எழும்.

அடுத்தது பணிப் பதிவேடு. 'ஓஹா தெ செர்விசியோஸ்' என்பார்கள். மெக்சிகோ நகரில் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்று ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். பதவியின் பக்கத்தில் 'கிராதுவாதோ' என்று இருந்தால் அது கௌரவப் பதவி. 'எஃபெக்தீவோ' என்றால்தான் முழுப் பதவி. இதைக் கவனிக்காமல் கர்னலை ஜெனரலாக்கிவிடுகிறவர்கள் உண்டு.

தேதி வாசிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. கையெழுத்தில் மாதத்தைச் சுருக்கி, எண்ணோடு 'ப்ரே' என்ற விகுதியைச் சேர்ப்பார்கள். '7ப்ரே' ஜூலை அல்ல, செப்டம்பர். '8ப்ரே' அக்டோபர், '9ப்ரே' நவம்பர், '10ப்ரே' டிசம்பர். ஏழுக்கு லத்தீனில் 'செப்டெம்' என்பதை நினைவில் வைத்தால் போதும். தவறினால் இரண்டு மாதம் பின்னுக்குப் போய், ஒரு போரே இடம் மாறிவிடும்.

பிறப்புக்கு இப்போது வரலாம். குடிமைப் பதிவுச் சட்டம் 1859-இல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்தவருக்குத் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுதான் கதி. அதில் முதலில் கண்ணில் படுவது ஞானஸ்நான நாள். பிறந்த நாள் சில நாள் முந்தியதாக இருக்கலாம். தந்தை, தாய் இருவரின் குடும்பப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். 'b', 'v' இரண்டையும், 's', 'z' இரண்டையும் எழுத்தர்கள் மாற்றி மாற்றி எழுதியிருப்பார்கள்.

தாராளவாத ஜெனரல் இக்னாசியோ சரகோசா செகினின் வாழ்க்கை நல்ல பயிற்சிக் களம். 1829 மார்ச் 24 அன்று லா பஹியாவில் பிறந்தார். இன்று அது டெக்சஸின் கோலியாட். அன்றோ மெக்சிகோவின் கோவாவிலா-தேஹாஸ் மாநிலம். ஆகவே 'அமெரிக்காவில் பிறந்தவர்' என்று எழுதினால் தவறு. பிறகு தாராளவாதிகள் பழமைவாதிகளை வென்ற கால்புலால்பான் போர் (1860 டிசம்பர் 22), 1861-இல் போர் அமைச்சர் பதவி, 1862 மே 5 அன்று புவெப்லாவில் லொரான்செஸின் பிரெஞ்சுப் படையை முறியடித்தது. கால்புலால்பானில் தலைமைத் தளபதி கொன்சாலெஸ் ஒர்தேகா. வெற்றியை முழுதாகச் சரகோசாவின் கணக்கில் எழுதாதீர்கள். மே 5-ஐச் சுதந்திர தினம் என்பதும் பிழை. அது செப்டம்பர் 16.

ஊர்ப்பெயரையும் அந்தந்த ஆண்டுக்கு ஏற்ப எழுத வேண்டும். சரகோசா 1862 செப்டம்பர் 8 அன்று 33 வயதில் காய்ச்சலால் இறந்தார். மூன்றே நாளில் ஹுவாரெஸின் ஆணைப்படி புவெப்லா நகரம் 'புவெப்லா தெ சரகோசா' ஆனது. எனவே மே மாதப் போரை எழுதும்போது 'புவெப்லா' என்று மட்டும் போடுங்கள்.