ஒரு ‘இருந்தாலும்’, ஒரு ‘இருந்தால்’

நான் பொறுப்பில் இருக்கும் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவருடன் முதல் மூன்று வாரமும் போனில்தான் பேசினேன். அவர் இருப்பது வேறு நாட்டில். இருவருக்கும் பொது மொழி ஆங்கிலம். ஒரு சொல்லைக்கூட ‘திரும்பச் சொல்லுங்கள்’ என்று கேட்டதாக நினைவில்லை. நான்காவது வாரம் வீடியோ அழைப்புக்கு மாறினோம். அன்று முதல் அவர் பேசுவது எனக்குப் புரியாமல் போக ஆரம்பித்தது. ‘கொஞ்சம் மெதுவாக’, ‘கடைசியில் என்ன சொன்னீர்கள்?’, ‘இன்னொரு தடவை.’ ஒவ்வொரு முறையும் அவர்தான் ஸாரி சொன்னார். மைக்கில் கோளாறோ என்று புது ஹெட்செட்கூட வாங்கினார். ‘இப்போது பரவாயில்லை’ என்று நான் பெரிய மனது பண்ணிச் சொன்னேன்.

அவர் கறுப்பினப் பெண். பெயர் சுத்தமான ஆங்கிலப் பெயர். அந்தப் பெயருக்கு என் மனம் முன்பே ஒரு வெள்ளை முகத்தை வரைந்து வைத்திருக்கிறது. முகம் மாறியதும் காது மாறிவிட்டது.

இதை நான் தியானம் செய்து கண்டுபிடிக்கவில்லை. கூட்டக் குறிப்பு எழுத வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் தேய்த்துக்கொண்டே, பதிவான ஒலியை மட்டும் ஓடவிட்டேன். குழாய்த் தண்ணீர் சத்தத்துக்கு நடுவிலும் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. கேட்டதும் கை நின்றுவிட்டது. ஈரக் கையோடு உட்கார்ந்து முதலிலிருந்து கேட்டேன். நாற்பது நிமிடத்தில் அவரை ஏழு முறை திரும்பச் சொல்ல வைத்திருக்கிறேன். அதே கூட்டத்தில் இன்னொருவர், வெள்ளைக்காரர், பாதிச் சொற்களை விழுங்குகிறவர், பின்னால் நாய் வேறு குரைக்கிறது. அவரைக் கேட்டது ஒரே ஒரு முறை. மீதியை நானாக ஊகித்துப் புரிந்துகொண்டிருக்கிறேன். அந்த உழைப்பை இவருக்காக நான் செய்யவே இல்லை.

எனக்கு மட்டும் நடக்கிற விஷயம் இல்லை இது. டொனால்ட் ரூபின் என்ற ஆய்வாளர் 1992இல் ஒரு சோதனையை வெளியிட்டார். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணின் குரலில் பதிவான ஒரே விரிவுரையை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார். சிலருக்குத் திரையில் வெள்ளைக்காரப் பெண்ணின் படம், மற்றவர்களுக்கு ஆசியப் பெண்ணின் படம். குரல் ஒன்றே. ஆனாலும் ஆசிய முகத்தைப் பார்த்தவர்களுக்கு வெளிநாட்டு உச்சரிப்பு ‘கேட்டது’, பாடமும் குறைவாகவே புரிந்தது. இதைப் படித்தபோது எனக்கு நிம்மதியா, வெட்கமா என்று தெரியவில்லை. இரண்டும் இருந்தன.

கண்டுபிடிப்பது

நம் மனதுக்குள் போய் ‘என்னிடம் இனப் பாகுபாடு இருக்கிறதா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். அது பொய்யும் இல்லை. மனதுக்குத் தெரிந்ததை மனம் சொல்கிறது, அவ்வளவுதான். அதனால் கேள்வியை மனதிடம் கேட்காதீர்கள், கைக்கு அகப்படுகிற தடயத்திடம் கேளுங்கள். கூட்டப் பதிவு, அனுப்பிய மின்னஞ்சல், எழுதிய மதிப்பீடு, வேலைக்குத் தேர்ந்தெடுத்தவர்களின் பட்டியல், இப்படி ஏதாவது ஒன்று. ஒரு தாளில் நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் உங்கள் இனத்தவரும் நீங்கள் மதிக்கும் இனத்தவரும், மறுபக்கம் மற்றவர்கள் என்று எண்ணுங்கள். யார் பேசும்போது இடையில் வெட்டினேன்? யார் சொன்ன யோசனையை அவர் பெயரோடு குறிப்பிட்டேன்? யாருக்கு ‘நன்றி’ என்று முடித்தேன், யாருக்கு வெறும் ‘சரி’ போட்டேன்? ஒரே ஒரு விஷயத்தை எண்ணினால் போதும். எல்லாவற்றையும் எண்ணக் கிளம்பினால் இரண்டாம் நாளே விட்டுவிடுவோம்.

தமிழில் பேசுகிறவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. நம் மொழியே காட்டிக்கொடுத்துவிடும். அந்த நாட்களில் என் தங்கையிடம் போனில் பேசும்போது, “புதுசா ஒருத்தங்க வந்திருக்காங்க, ஆப்பிரிக்கப் பொண்ணா இருந்தாலும் வேலையில கெட்டி” என்றேன். பாராட்டத்தான் சொன்னேன். “அதென்ன அண்ணா, இருந்தாலும்?” என்றாள். பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்த ‘-ஆலும்’ வரும் இடத்தில்தான் நாம் எதை எதிர்பார்த்திருந்தோம் என்பது ஒளிந்திருக்கிறது. ‘கறுப்பாக இருந்தாலும் களையான முகம்’ என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்களுக்கு இந்த விகுதி நாக்கிலேயே குடியிருக்கும்.

இன்னொன்று ‘-ர்’, ‘-ன்’. ஊர் பெயர் தெரியாத இரண்டு அந்நியர்களைப் பற்றிக் கதை சொல்லும்போது கவனியுங்கள்: ‘அந்த வெள்ளைக்காரர் வந்தார், அந்த நீக்ரோ வந்தான்.’ ஒருவருக்கு மரியாதை விகுதி, மற்றவருக்கு ஒருமை, போதாக்குறைக்கு அந்த மக்களே வேண்டாம் என்று ஒதுக்கிய பெயர் வேறு. யாரும் யோசித்து இப்படிச் சொல்வதில்லை. யோசிக்காமல் வருவதால்தான் இது நல்ல தடயம்.

கணினியில் செய்கிற சோதனையும் இருக்கிறது. ஆந்தனி கிரீன்வால்டும் சக ஆய்வாளர்களும் 1998இல் வெளியிட்ட உள்ளார்ந்த தொடர்புச் சோதனை. முகங்களையும் நல்ல, கெட்ட சொற்களையும் எவ்வளவு வேகமாகச் சேர்த்துப் பிரிக்கிறோம் என்று அளக்கும். நானும் செய்தேன். செய்து பார்ப்பதில் தவறில்லை, ஆனால் அதை ரத்தப் பரிசோதனை அறிக்கைபோல் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஆளுக்கு இன்று ஒரு மதிப்பெண், இன்னொரு நாள் வேறு மதிப்பெண் வரும். என் ஏழுக்கு ஒன்று என்ற கணக்கு அப்படி மாறாது. அது பதிவில் இருக்கிறது.

‘நானே மாநிறம், என்னையே ஒதுக்கியிருக்கிறார்கள், எனக்கு எப்படி இது வரும்?’ இந்தச் சமாதானம்தான் என்னைப் பல ஆண்டுகள் காப்பாற்றிக்கொண்டிருந்தது. 1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதியர், குழந்தைகள் முன்னால் வெள்ளைப் பொம்மையையும் பழுப்புப் பொம்மையையும் வைத்து எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். கறுப்பினக் குழந்தைகளிலேயே பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின் அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் கட்டுரை ஒன்று மேற்கோளாக இருக்கிறது. அடி வாங்குகிற பக்கம் இருக்கும் குழந்தைக்கே இது ஒட்டுகிறது என்றால் எனக்கு மட்டும் என்ன விலக்கு?

மன்னிப்புக் கேட்பது

முதலில், கேட்கக் கூடாத இடம். லிஃப்டில் ஒருவர் ஏறியதும் கை தானாகப் பையை இறுக்கிப் பிடித்தது என்று வையுங்கள். அவர் பின்னாலேயே ஓடி ‘நான் உங்களைச் சந்தேகப்பட்டேன், மன்னியுங்கள்’ என்பது அவருக்கு இன்னொரு அடி. அங்கே மன்னிப்பு நம் பாரத்தை இறக்கிவைக்க மட்டுமே உதவும். கையைத் தளர்த்திக்கொண்டு பேசாமல் நிற்பதுதான் சரி. ஒருவரை அதே இனத்து இன்னொருவர் பெயரால் அழைத்துவிட்டால் நேர் எதிர்: அந்த நொடியே ‘மன்னிக்கணும், நீங்கள் இன்னார்’ என்று சரியான பெயரைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். பத்து நிமிடம் புலம்பினால் அவர்தான் நம்மைத் தேற்ற வேண்டியிருக்கும்.

என் விஷயத்தில் பாதிப்பு அவருக்குத் தெரிந்திருந்தது, காரணம்தான் தவறாகப் போய்ச் சேர்ந்திருந்தது. குறை தன்னிடம் என்று நம்பிக் காசு செலவழித்து ஹெட்செட் வாங்கியிருக்கிறார். அதனால் சொல்லியே ஆக வேண்டும். முதலில் தமிழில் எழுதிப் பார்த்தேன், கோபமோ வெட்கமோ வந்தால் எனக்குத் தமிழில்தான் ஓடும்:

‘நான் வேண்டுமென்று செய்யவில்லை. உங்கள் மனம் புண்பட்டிருந்தால் மன்னிக்கவும். நானும் நிறத்தால் அவமானப்பட்டவன்தான், உங்கள் வலி எனக்குப் புரியும். தயவுசெய்து என்னைத் தவறாக நினைக்காதீர்கள்.’

எழுதியபோது உருக்கமாக இருந்தது. மறுநாள் காலையில் படித்தால் நான்கு வாக்கியமும் என்னைப் பற்றியவை. முதல் வாக்கியம் என் வக்கீல். மூன்றாவது, அவர் வலியின் மேல் என் வலியைத் தூக்கி வைக்கிறது. நான்காவது, அவருக்கு ஒரு வேலை கொடுக்கிறது. எல்லாவற்றையும்விட மோசம் அந்த ‘இருந்தால்’. புண்பட்டதா இல்லையா என்பதையே சந்தேகத்தில் விட்டுவிட்டு, புண்பட்டது ஒருவேளை அவருடைய மென்மையோ என்று கேட்காமல் கேட்கிறது. தங்கை பிடித்தது ‘இருந்தாலும்’, இங்கே நானே பிடித்தது ‘இருந்தால்’. உங்கள் மன்னிப்பை எழுதி முடித்ததும் முதலில் இந்தச் சொல்லைத் தேடி அடியுங்கள். அடித்தால் அந்த இடத்தில் நீங்கள் செய்ததைச் சொல்லியே தீர வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் ராய் லெவிக்கியும் சக ஆய்வாளர்களும் 2016இல் மன்னிப்பை ஆறு கூறுகளாகப் பிரித்து எது எடுபடுகிறது என்று பார்த்தார்கள். ‘தவறு என்னுடையது’ என்று பொறுப்பேற்பதற்கு முதலிடம், சரிசெய்வதாகச் சொல்வதற்கு அடுத்த இடம். ‘என்னை மன்னித்துவிடுங்கள்’ என்ற வேண்டுகோளுக்குக் கடைசி இடம். நாமோ அதில்தான் ஆரம்பிக்கிறோம்.

இரண்டாவது முறை எழுதியது சின்னது. அதைச் சொல்வதற்கு முன், “ஒரு தவறைப் பற்றிப் பேச வேண்டும், தவறு என்னுடையது, பத்து நிமிடம் போதும், எப்போது வசதி?” என்று செய்தி அனுப்பினேன். மேலே இருப்பவர் ‘பேச வேண்டும்’ என்று மொட்டையாக அனுப்பினால் அன்று முழுக்க வயிற்றைக் கலக்கும், அதனால்தான் அந்த நடுச் சொற்கள். அழைப்பில் இப்படிச் சொன்னேன்:

“கூட்டங்களில் உங்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். பதிவைக் கேட்டுப் பார்த்தேன், நீங்கள் தெளிவாகத்தான் பேசுகிறீர்கள். போனில் பேசியவரை எனக்குப் புரிந்தது, முகம் பார்த்த பிறகுதான் புரியாமல் போனது. அது என் இனப் பாகுபாடு. உங்கள் மைக்கில் கோளாறு இல்லை. மன்னிப்புக் கேட்கிறேன். இனி கேட்காமல் போனால் முதலில் என் பக்கத்தைச் சரிபார்ப்பேன்.”

‘இனப் பாகுபாடு’ என்ற சொல்லைச் சொல்லும்போது தொண்டை அடைத்தது. ‘கவனக்குறைவு’ என்று மாற்றிவிடலாமா என்று கடைசி நொடிவரை ஆசை. மாற்றியிருந்தால், ஒருவேளை அவரே சந்தேகித்திருக்கக்கூடிய ஒன்றை நான் மூடி மறைத்ததாகியிருக்கும்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “என் மதிப்பீட்டில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?”

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். முதல் மூன்று மாத மதிப்பீட்டில் ‘தகவல் பரிமாற்றத் திறன் மேம்பட வேண்டும்’ என்று எழுதி, ஐந்துக்கு மூன்று போட்டு, மேலே அனுப்பியும் ஆகிவிட்டது. சொல்லைத் திருத்துவதிலேயே ஒரு வாரம் போனதில் இதை மறந்தே போனேன். உண்மையைச் சொன்னேன். “சரி” என்றார், அழைப்பை முடித்தார். கோபமாகவும் இல்லை, கனிவாகவும் இல்லை.

அதனால் என் பிழையிலிருந்து ஒரு வரிசை மாற்றம்: மன்னிப்புக் கேட்கப் போகும் முன்பே, உங்கள் பாகுபாடு எந்தக் காகிதத்தில் ஏறியிருக்கிறது என்று பார்த்துத் திருத்திவிட்டுப் போங்கள். மதிப்பீடு, பரிந்துரை, மூன்றாம் ஆளிடம் சொன்ன அபிப்பிராயம், எதுவாக இருந்தாலும். நான் மறுநாள் மேலதிகாரியிடம் போய்க் காரணத்தையும் சொல்லி மதிப்பீட்டைத் திரும்பத் திறக்க வைத்தேன். ‘அவர் முன்னேறிவிட்டார்’ என்று எழுதி மதிப்பெண்ணை ஏற்றினால் போதுமே என்றார் மேலதிகாரி. அது சுலபம்தான். ஆனால் முன்னேறியது அவர் இல்லையே. ‘முந்தைய மதிப்பீடு என் பிழை’ என்று எழுதி, திருத்திய பிரதியை அந்தப் பெண்ணுக்கும் அனுப்பினேன். ‘கிடைத்தது’ என்று ஒரு சொல்லில் பதில் வந்தது. மன்னித்தேன் என்று அவர் இதுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

யாராவது நம் முகத்துக்கு நேரே ‘நீ செய்தது பாகுபாடு’ என்று சொன்னால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். காது சுடும், ‘நானா?’ என்று வாய் திறக்கும். “சொன்னதற்கு நன்றி, யோசித்துவிட்டு வருகிறேன்” என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே திரும்பி வாருங்கள். முதல் பாதியை மட்டும் செய்கிறவர்கள் அதிகம்.

போன மாதம் ஒரு கூட்டத்தில் அவர் பேசும்போது நிஜமாகவே குரல் விட்டுவிட்டு வந்தது. கேட்கலாமா, கேட்டால் பழைய கதையாகிவிடுமா என்று இரண்டு நொடி திண்டாடினேன். பிறகு, “என் பக்கம் இணைப்பு விடுகிறது. ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்பது வரை கேட்டது, அதற்கு அப்புறம் இல்லை” என்றேன். விட்ட இடத்திலிருந்து சொன்னார். அவர் ஸாரி சொல்லவில்லை.