குடிக்காதவர் பப்புக்குப் போகலாமா? பிரிட்டனுக்குப் புதிதாக வருவோருக்கு

பிரிட்டனில் வேலைக்குச் சேர்ந்த சில நாட்களிலேயே, பெரும்பாலும் வியாழன் அல்லது வெள்ளி மாலையில், சக ஊழியர்கள் உங்களைப் பப்புக்கு அழைப்பார்கள். மது அருந்தாதவர் என்பதற்காக இந்த அழைப்பைத் தட்டிக்கழிக்க வேண்டியதில்லை. அலுவலகத்தில் வாய் திறக்காத மேலாளர்கூட அங்கே மனம்விட்டுப் பேசுவார்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ‘ரவுண்டு’ முறையை. ஒருவர் எழுந்து, உடனிருப்போர் ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும் என்று கேட்டு, கவுன்டருக்குச் சென்று தம் பணத்தில் எல்லோருக்கும் வாங்கி வருவார். அடுத்த முறை இன்னொருவர் எழுவார். உங்கள் கிளாஸில் இருப்பது பீரா கோக்கா என்பதை எவரும் நெடுநேரம் நினைவில் வைப்பதில்லை, ஆனால் மூவர் வாங்கித் தந்ததைக் குடித்துவிட்டுத் தம் முறை வந்தபோது எழாமல் இருந்தவரை எளிதில் மறக்க மாட்டார்கள். கோக் குடிப்பவர் பிறருடைய பீருக்கு ஏன் பணம் தர வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. அதை ரவுண்டில் சேருமுன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும். “எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்” என்று தொடக்கத்திலேயே சொன்னால் ஒருவரும் தவறாக எண்ணுவதில்லை. மது வாங்கித் தருவதே கூடாது என்று கருதுவோருக்கும் இதுவே வழி. அவர்கள் சிப்ஸ் பாக்கெட்டுகளை வாங்கி, இங்குள்ள வழக்கப்படி நடுவில் கிழித்து விரித்து, மேசையில் அனைவருக்கும் பொதுவாக வைக்கலாம்.

லைம் சோடா எங்கும் கிடைக்கும், விலையும் பொதுவாகக் குறைவு. இங்கே சைடர் என்பது ஆப்பிள் ஜூஸ் அன்று, மதுவே. ஷாண்டியிலும் பாதி பீர்தான். ‘ஆல்கஹால் ஃப்ரீ’ என்று விற்கப்படும் பீர்களில் பல 0.5 சதவீதம் வரை ஆல்கஹால் கொண்டவை என்பதால், துளியும் கூடாது என்போர் 0.0 என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்க வேண்டும். ‘ஸ்டேக் அண்ட் ஏல் பை’ என்னும் இறைச்சிப் பண்டத்திலும், சில கடைகளின் மீன் வறுவல் மாவிலும் பீர் சேர்ந்திருக்கும்.

காரணம் கேட்டால் “நான் குடிப்பதில்லை” என்பதே போதுமான பதில். கார் ஓட்ட வேண்டும் என்று பொய் சொல்வது வசதியாகத் தோன்றும். பிறகு யாராவது வீடு வரை லிஃப்ட் கேட்பார்கள்.

ரவுண்டில் சேர்ந்திருந்தால் முதலாவதையோ இரண்டாவதையோ நீங்களே வாங்கிவிடுவது நல்லது. பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வரத் தொடங்கும் நேரத்தில், அடுத்தவர் கவுன்டருக்கு எழும்போது “எனக்கு வேண்டாம், கிளம்புகிறேன்” என்று கடன் பாக்கியில்லாமல் விடைபெறலாம்.