பழைய ரைப்ரைட்டரைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இடப்பெயர்வுகளுக்குத் தப்பி வந்த சின்ன ரைப்ரைட்டர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால் இரும்புக்காரருக்குக் கொடுக்கமுதல் கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் வயது. உருளையை ஒரு கரைக்குத் தள்ளி உள்ளே பாருங்கள், இல்லாவிட்டால் கவிழ்த்துப் பாருங்கள், தொடர் இலக்கம் எங்காவது அடித்திருக்கும். அதைக் கம்பனிப் பெயரோடு சேர்த்து இணையத்தில் தேடினால் அநேகமாக ஆண்டு வரும். மொடலும் உதவும்: ஒலிவெட்டி லெட்டேரா 22 வந்தது 1950இல், லெட்டேரா 32 வந்தது 1963இல்.

எழுத்துக் கம்பிகள் அடித்த பிறகு திரும்பி விழவில்லையா? தயவுசெய்து எண்ணெய் விடாதீர்கள், தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம். எங்கள் செம்புழுதி அதில் ஒட்டிப் பசையாகி இன்னும் இறுகும். கம்பிகள் இறங்கும் அந்த ஒடுங்கிய பிளவுகளுக்குள் டேர்பன்டைன் தொட்ட பழைய பல் பிரஷால் தேய்த்து, அதே எழுத்தைத் திரும்பத் திரும்ப அடியுங்கள், கறுப்பு அழுக்கு கரைந்து வெளியே வரும். றப்பர் உருளையிலும் பெயின்ரிலும் படவிடாதீர்கள், அடுப்புக்குக் கிட்டவும் செய்யாதீர்கள்.

உருளை நகராவிட்டால் அநேகமாக அதை இழுக்கும் நாடா அறுந்திருக்கும். வலை பின்னும் முறுக்கிய நைலோன் நூல் போதும், ஆனால் அந்த நாடாவை இழுக்கும் சுருள்வில்லுச் சில்லைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே கட்டுங்கள். ரிபன் சுற்றும் பழைய சில்லுகளை எறியவேண்டாம், புது ரிபனை அதிலேயே சுற்றலாம்.

விலை? ஒழுங்காக அடிக்கிறதா, பெட்டி இருக்கிறதா, பழைய பெயின்ற் அப்படியே இருக்கிறதா என்றுதான் வாங்குபவர் பார்ப்பார். அதனால் புதுப் பெயின்ற் அடிக்காதீர்கள். தமிழ் எழுத்து என்றால் அவசரப்பட்டு விற்காதீர்கள், அவை ஆங்கில எழுத்து மெஷின்களை விட மிகக் குறைவு.