பழைய போட்டோ கெடைச்சா ஹார்ட் போட்டுட்டு போயிடாதீங்க, இப்படிப் பாருங்க

"அந்தக்கால மதுரை"ன்னு வாட்ஸ்அப்ல ஒரு படம் வரும், எந்த வருஷம், யார் எடுத்தது, ஒண்ணுமே இருக்காது, நாமளும் பாத்துட்டு அடுத்த குரூப்புக்குத் தள்ளிவிட்ருவோம். எனக்கு அது ரொம்ப நாளாவே வருத்தம். அதான் நான் பண்ற முறைய எழுதுறேன்.

மொதல்ல படம் எங்கருந்து வந்துச்சுன்னு புடிங்க. படத்த வச்சே தேடுற கூகுள் லென்ஸ்லயும் டின்ஐலயும் (TinEye) போட்டுப் பாருங்க, கெடைக்கலன்னா நியூயார்க் மெட் மியூசியம், லண்டன் வி அண்ட் ஏ, கெட்டி மியூசியம், விக்கிமீடியா காமன்ஸ்னு நேராவே போய்த் தேடுங்க. தேடுறப்போ பழைய இங்கிலீஷ் ஸ்பெல்லிங் போடணும், இதுதான் முக்கியம். மதுரைக்கு கடைசி இங்கிலீஷ் 'ஐ' எழுத்து இல்லாம 'மதுரா' (Madura), தஞ்சாவூருக்கு டான்ஜோர் (Tanjore), திருச்சிக்கு ட்ரிச்சினோபொலி (Trichinopoly). (இந்தோனேசியாவுல மதுரான்னு ஒரு தீவு இருக்கு, அதுவும் கலந்து வரும், கூடவே இந்தியான்னு சேத்துக்கோங்க.)

ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்றது லின்னேயஸ் ட்ரைப் (Linnaeus Tripe) எடுத்த படங்கள். மெட்ராஸ் ராணுவத்துல கேப்டன், 1856ல மெட்ராஸ் அரசாங்கத்துக்கு போட்டோகிராபர் ஆனவர், 1858ல மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம், புதுக்கோட்டைன்னு சுத்தி சுத்தி எடுத்திருக்கார். அதுல 'பிளாக்பர்ன் டெஸ்டிமோனியல்'னு ஒரு படம், என்னடா இதுன்னு பாத்தா நம்ம மதுரை விளக்குத்தூண்! ஜவுளிக்கடைக் கூட்டத்துல நிமிந்து பாக்கக்கூட நேரமில்லாம நாம கடந்து போற அதே தூண். திருமலை நாயக்கர் மகாலும் இருக்கு, 1866ல கவர்னரா வந்த நேப்பியர் பிரபு காலத்துல ரிப்பேர் பண்றதுக்கு முன்னாடி எப்படி இடிஞ்சு கெடந்துச்சுன்னு அதுல தெரியும்.

கெடைச்ச படத்தை உடனே ஷேர் பண்ணாதீங்க, பெருசாக்கி மூலை மூலையா பாருங்க. ட்ரைப் படத்துல நிறைய எடத்துல ஆளே இருக்காது, ஊரு காலியா இருந்துச்சுன்னு நெனைச்சிடக்கூடாது, அவர் பேப்பர் நெகட்டிவ்ல எடுத்தவர், ரொம்ப நேரம் லென்ஸ் தொறந்திருக்கணும், நடந்து போனவங்க யாரும் பதிவே ஆகமாட்டாங்க. வானத்துல மேகம் இருந்தா அதையும் நம்பாதீங்க, நெகட்டிவ் மேலயே அவர் மேகம் வரைஞ்சு சேத்தது உண்டு. இப்படி ஒரு படத்தை எப்படி எடுத்தாங்கன்னு தெரிஞ்சாத்தான் அதுல எது சாட்சி எது இல்லன்னு பிரிக்க முடியும். 1860கள் கடைசில எட்மண்ட் லயன்னு (Edmund Lyon) இன்னொரு போட்டோகிராபரும் இதே ஊர்கள எடுத்திருக்கார், ரெண்டு பேர் படத்தையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, பொழுது போறதே தெரியாது.

உரிமை விஷயம், மெட்ல 'ஓப்பன் ஆக்சஸ்'னு போட்டிருந்தா தாராளமா எடுத்துக்கலாம். இந்தியச் சட்டப்படி போட்டோவுக்கு வெளியான அடுத்த வருஷத்துலருந்து 60 வருஷம்தான் காப்புரிமை.

ஷேர் பண்றப்போ எடுத்தவர், வருஷம், ஊர், எந்த மியூசியம், இந்த நாலையும் படத்துக்குக் கீழ ஒரு பட்டை போட்டு அதுலயே எழுதிடுங்க, தனியா டைப் பண்ணா பார்வர்ட்ல கழண்டு போயிடும். கலர் போடாதீங்க, போட்டே ஆகணும்னா ஒரிஜினலையும் சேத்துப் போடுங்க, அந்தப் பொடவை என்ன கலர்னு ஏஐக்குத் தெரியாது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துப் படங்கள எலும்புக்கூடா நிக்கிற மனுஷங்கங்கிறதுக்காக சும்மா ஷேர் பண்ணிடாதீங்க, அவங்களும் யாரோ ஒருத்தரோட பாட்டன் பூட்டன்.

அப்புறம், வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாம டாக்குமென்டா அனுப்புங்க, இல்லன்னா நுணுக்கமெல்லாம் கரைஞ்சிடும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தோட அடிப்பகுதிக் கல்வெட்ட ட்ரைப் 21 படமா எடுத்து ஒட்டி கிட்டத்தட்ட 19 அடி நீளத்துக்குச் சுருளா பண்ணிருக்கார். கல்வெட்டு வாசிக்கத் தெரிஞ்ச ஆள் யாராவது உங்க குரூப்ல இருந்தா, அந்த மாதிரிப் படத்த முழு சைஸ்ல அவங்களுக்கு அனுப்பி ஒரு வரியாவது படிச்சுச் சொல்லச் சொல்லுங்க.