தீர்ப்புக்குப் பிறகு என்ன நடந்தது: வேலூரிலிருந்து அரசமைப்புச் சட்டமும் நிறுவனப் பொருளியலும் ஆய்வு செய்ய ஒரு வழிகாட்டி

சட்டம் மட்டும் படித்தவர் பெரும்பாலும் தீர்ப்பு வந்த நாளோடு நின்றுவிடுகிறார். பொருளியல் மட்டும் படித்தவருக்கு, அந்தத் தீர்ப்பு எந்த அதிகாரத்தில் பிறந்தது என்பது பிடிபடுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழு வாழ்க்கைக்கான வேலை கிடக்கிறது. விதி யாருக்கு அதிகாரம் கொடுத்தது, அதைச் செலுத்த எவ்வளவு செலவானது, அந்தச் செலவு கடைசியில் யார் தலையில் விழுந்தது என்று இருபது முப்பது ஆண்டுகள் பின்தொடர்கிற வேலை அது. நிறுவனப் பொருளியலில் ‘நிறுவனம்’ என்றால் கம்பெனி அல்ல. மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் நடந்துகொள்ளும் விதிகள் எல்லாமே நிறுவனம்தான்: நாடாளுமன்றச் சட்டமும், ஏரி மடை திறக்கிற முறையும், டேனரி (தோல் பதனிடும் ஆலை) சங்கத்தின் கட்டுப்பாடும்.

இதைப் பழக வேலூரைவிட நல்ல இடம் அமைவது கடினம். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையையும், தீங்கு உறுதியாகும் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது, பாலாற்றுப் படுகையின் தோல் கழிவு வழக்கில்தான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த அந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் அதை மனப்பாடம் செய்கிறார்கள். ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் பேருந்து ஏறி அதன் பின்கதையைப் பார்க்கும் வசதி உங்களுக்குத்தான் இருக்கிறது.

படிப்பு வரிசை

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு, அல்லது ஒரு பட்டத்துக்குப் பிறகு மூன்றாண்டு எல்.எல்.பி. பொதுப் பிரிவினருக்குக் குறைந்தபட்சம் 45 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். வேலூர் அரசு சட்டக் கல்லூரி, தரமணியில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளி, கிளாட் தேர்வு வழியாகத் திருச்சி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் என்று வழிகள் உண்டு. எங்கே சேர்ந்தாலும், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கை விட்டுவிடாதீர்கள். வகைநுண்கணிதமும் நிகழ்தகவும் மறந்துபோனவர்களுக்குப் பின்னால் பொருளியல் கட்டுரைகளின் இரண்டாம் பக்கத்திலேயே கதவு சாத்திக்கொள்ளும்.

பொருளியலைக் கல்லூரிக் காலத்திலேயே தொடங்கலாம், ஆனால் ஒரு விதியைக் கவனியுங்கள். சட்டப் படிப்போடு சேர்த்து இன்னொரு ரெகுலர் பட்டப் படிப்பில் பதிவு செய்வதை பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள் தடுக்கின்றன. தொலைநிலைக் கல்விக்கு அந்த விதியிலேயே விலக்கு உண்டு. ஆகவே மூன்றாண்டு எல்.எல்.பி. படிக்கும் பட்டதாரி, தொலைநிலையில் எம்.ஏ. பொருளியல் படிக்கலாம். சேரும் முன் கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞராகப் பதிவு செய்யும்போது யாராவது கேட்டால் அந்தத் தாள்தான் பேசும். ஐந்தாண்டுப் படிப்பில் இருப்பவர்கள் அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் நுண்பொருளியல், விளையாட்டுக் கோட்பாடு (கேம் தியரி), அடிப்படைப் புள்ளியியல் ஆகிய மூன்றை இந்த வரிசையிலேயே முடிக்கட்டும். விளையாட்டுக் கோட்பாட்டை முதலில் எடுப்பவர்கள் பெரும்பாலும் பாதியில் விடுகிறார்கள்.

ஒரு தீர்ப்பை ஆய்வுப் பொருளாக மாற்றுவது

இதுதான் இந்தத் தொழிலின் கைத்திறன். 1996 தீர்ப்பை வைத்தே செய்து பாருங்கள். முழுத் தீர்ப்பையும் உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் தளத்தில் இலவசமாக எடுக்கலாம். ஹெட்நோட்டை (தீர்ப்பின் தலைப்பில் தரும் சுருக்கம்) மட்டும் படித்துவிட்டு எழுத உட்காராதீர்கள். ஹெட்நோட் கொள்கையைச் சொல்லும், கட்டளைகளைச் சுருக்கிவிடும். நமக்கு வேண்டியது கடைசிப் பக்கங்களில் இருக்கும் கட்டளைகள்.

முதல் வாசிப்பில் எதையும் கோடிடாமல் படியுங்கள். இரண்டாம் வாசிப்பில் ஆறு நெடுவரிசைகள் கொண்ட அட்டவணை போடுங்கள்: என்ன ஆணை, யாருக்கு, எந்தத் தேதிக்குள், எந்தச் சட்டப் பிரிவின் கீழ், செலவு யாருடையது, நடந்ததற்கு என்ன சான்று. ஆறாவது நெடுவரிசை முதலில் வெறுமையாகவே இருக்கும். உங்கள் ஆய்வு அந்த வெற்றிடம்தான்.

நிரப்பத் தொடங்கியதும் தீர்ப்பு வேறு முகம் காட்டும். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-இலேயே வந்துவிட்டது. அதன் 3(3) பிரிவின்படி மத்திய அரசு ஓர் ஆணையத்தை எப்போது வேண்டுமானாலும் அமைத்திருக்கலாம். பத்தாண்டு கழித்து நீதிமன்றம் 1996 செப்டம்பர் 30 என்று கெடு வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதிகாரம் இருந்தும் ஏன் பயன்படவில்லை என்பது அரசமைப்புக் கேள்வியும்கூட, பொருளியல் கேள்வியும்கூட. அடுத்த ஆணை: ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம், அக்டோபர் 31-க்குள். சின்ன ஆலைக்கும் பெரிய ஆலைக்கும் ஒரே தொகை. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் என்று அதே தீர்ப்பு குறிப்பிடுகிறது. ஆனால் அபராதம் லிட்டரைப் பார்க்கவில்லை. ஒரே தொகையாகக் கட்டியாகிவிட்டால், அடுத்த ஆயிரம் லிட்டரை ஆற்றில் விடுவதற்குக் கூடுதலாக ஒரு ரூபாயும் இல்லை. இதைக் கவனிக்கப் பொருளியல் பட்டம் தேவையில்லை, பழக்கம் தேவை.

மூன்றாவது ஆணை இன்னும் ருசியானது. பாதிக்கப்பட்டவர்களுக்கான ஈட்டுத் தொகையை ஆட்சியர், தேவைப்பட்டால் நிலவரிப் பாக்கியைப் போல வசூலிக்க வேண்டும். நிலவரிப் பாக்கியை வசூலிக்கும் முறையோ 1864-ஆம் ஆண்டு வருவாய் வசூல் சட்டத்தில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் கொள்கைக்குக் கை கால் கொடுத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜப்தி நடைமுறை. தாசில்தார் அலுவலகத்தில் அந்த நடைமுறை எத்தனை கையெழுத்து கேட்கிறது என்று தெரியாதவரால் இந்தத் தீர்ப்பைப் பற்றி முழுதாக எழுத முடியாது.

பிறகு கணக்கு. அந்தத் தீர்ப்பின்படி அமைந்த சூழலிழப்பு ஆணையம் 2001-இல் தந்த ஈட்டு ஆணையில் 29,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குச் சுமார் 26.8 கோடி ரூபாய் ஈடு. வகுத்தால் குடும்பத்துக்குச் சராசரி சுமார் 9,200 ரூபாய். அதுவும் ஏழாண்டுக் காலத்து இழப்புக்கு. கிணறு உவர்த்துப் போன ஒரு ஏக்கர் நெல்லின் ஏழாண்டு வருமானத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் சராசரியோடு நிற்காதீர்கள். யாருக்கு எவ்வளவு என்ற பட்டியல்தான் உண்மையைச் சொல்லும். இந்த விவகாரம் முடிந்துவிட்டது என்றும் எழுதிவிடாதீர்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் இதே படுகையைப் பற்றித் தீர்ப்பளித்து, தொடர் கண்காணிப்பில் வைத்தது.

பொருளியலாளர் ரொனால்டு கோஸ் 1960-இல் எழுதிய கட்டுரையை இந்த இடத்தில் படியுங்கள், அதற்கு முன் வேண்டாம். பேரம் பேசச் செலவே இல்லையென்றால் உரிமை யாரிடம் இருந்தாலும் இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளும் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு பலர் வழிதவறுகிறார்கள். அவர் வலியுறுத்தியது, நிஜ உலகில் அந்தச் செலவு இருக்கிறது என்பதையே. ஆயிரக்கணக்கான கிணறு ஒருபக்கம், நூற்றுக்கணக்கான டேனரி மறுபக்கம். எந்தக் கிணற்றின் உப்பு எந்த ஆலையிலிருந்து வந்தது என்று யார் நிரூபிப்பது? அந்தச் செலவே நீதிமன்றம் உள்ளே வரக் காரணம். டேனரிகள் கூட்டாக நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை ஆராய, பொதுவளங்களை மக்களே எப்படி நிர்வகிக்கிறார்கள் என்று ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரமின் கேள்விகள் பொருந்தும்: உறுப்பினர் யார், மீட்டரைப் பார்ப்பது யார், முதல் தவறுக்கும் மூன்றாம் தவறுக்கும் ஒரே தண்டனையா. ஒன்றை மட்டும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த செலவில் முடிவது எது என்று பொருளியல் சொல்லலாம், ஆனால் குடிநீர் அரசமைப்பின் 21-ஆம் உறுப்பின் உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது. அதைச் செலவுக் கணக்கின் ஒரு வரியாகக் கரைத்துவிடும் கட்டுரை, எவ்வளவு சமன்பாடு இருந்தாலும், தவறான கட்டுரை.

கோப்பு தேடும்போது சறுக்கும் இடங்கள்

மாவட்டப் பெயரில்தான் பாதிப் பேர் வழுக்குகிறார்கள். 1989 வரை கோப்பு வட ஆற்காடு என்ற பெயரில் இருக்கும், திருவண்ணாமலை, ஆரணியும் அதற்குள் அடக்கம். 1989-க்குப் பிறகு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். 1996 தீர்ப்பிலும் அந்தப் பெயர்தான். அடுத்து வேலூர். 2019-இல் மூன்றாகப் பிரிந்தபின் ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டத்துக்கும், வாலாஜா ராணிப்பேட்டைக்கும் போயின. பேரணாம்பட்டு, குடியாத்தம் வேலூரிலேயே. வேலூர் என்று மட்டும் தேடினால் பழைய அரசாணைகள் பல கண்ணில் படாது. ஆற்றங்கரையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் அதிக மாசு தரும் ஆலைகளைத் தடுத்த 1989 மார்ச் 30 தேதியிட்ட 213-ஆம் எண் அரசாணையைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பழைய வருவாய் ஆவணங்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம். காட்பாடியிலிருந்து ரயிலில் காலையில் கிளம்பினால் மாலை திரும்பிவிடலாம். 1970-களில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வட ஆற்காட்டின் 11 கிராமங்களில் நெல் சாகுபடியை ஆராய்ந்தார்கள், 80-களில் மறுஆய்வும் நடந்தது. கிணறு, கடன், கூலி பற்றி ஒப்பிட இவ்வளவு பழைய அடித்தளம் எல்லா மாவட்டத்துக்கும் வாய்க்காது.

தகவல் உரிமை மனுவுக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ‘ஏன் வசூலிக்கவில்லை’ என்று கேட்டால் மனு தள்ளுபடியாகும், கருத்துச் சொல்ல அவர்களுக்குக் கடமையில்லை. ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வருவாய் வசூல் சட்டத்தின் கீழ் அனுப்பிய நோட்டீஸ்களின் நகல்’ என்று கேளுங்கள். ஒரு மனுவுக்கு ஒரே பொருள். இருபது கேள்வி கொண்ட மனு இருபது மேசைக்குப் போய் எங்கும் நிற்காமல் சுற்றும்.

தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதையும் மறக்காதீர்கள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி வழக்கில் 2013 ஜூலையில் நீட் தேர்வை உச்ச நீதிமன்றம் 2:1 என்று ரத்து செய்தது. 2016 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பே திரும்பப் பெறப்பட்டது. 2020 ஏப்ரலில், நீட் சிறுபான்மை நிறுவனங்களின் உரிமையைப் பறிக்கவில்லை என்று புதிய தீர்ப்பு வந்தது. 2013-ஐ மட்டும் மேற்கோள் காட்டும் கட்டுரையை எந்தத் தேர்வாளரும் முதல் பக்கத்திலேயே மூடிவிடுவார்.

களத்துக்குப் போகும்போது வெள்ளி மதியத் தொழுகை நேரத்தில் ஆம்பூர், வாணியம்பாடி ஆலைகளில் சந்திப்பு கேட்காதீர்கள். விவசாயி, தொழிலாளி, ஆலை நடத்துபவர் மூவரிடமும் பேசுங்கள். ஒரே வீட்டில் கிணறு கெட்ட அப்பாவும் டேனரியில் சம்பளம் வாங்கும் மகனும் இருப்பார்கள். அந்த வீட்டை விட்டுவிட்டு இந்தப் பிரச்சினையை எழுத முடியாது. சிட்டா, அடங்கல், ‘அ’ பதிவேடு வாசிக்கத் தெரிவது உங்கள் பெரிய சொத்து. தில்லி ஆய்வாளருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும் இடத்தில் நீங்கள் வி.ஏ.ஓ.வின் சுருக்கெழுத்தையே படிக்கலாம்.

வேலைக்கு வரும் வழி

எல்.எல்.எம். முடித்து, அல்லது இறுதியாண்டிலேயே, உதவிப் பேராசிரியர் வேலைக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான யுஜிசி நெட் தகுதித் தேர்வை எழுதுங்கள். முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100, மொத்தம் 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், தவறான விடைக்குக் கழிவு இல்லை. ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால், 2023 முதல் மாதந்தோறும் 37,000 ரூபாய். அதற்கான பொதுவான வயது வரம்பு 30, பெண்களுக்கும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்தாண்டு தளர்வு. முனைவர் பட்டச் சேர்க்கையில், ஜேஆர்எஃப் இல்லாதவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 விழுக்காடு என்று கணக்கிடுகிறார்கள். அவர்களுக்கு அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்றாண்டு, சாதாரணமாக ஆறுக்குள். வழக்கறிஞராகத் தொழில் செய்துகொண்டே நாளுக்கு மூன்று மணி நேரம் வரை சட்டம் கற்பிக்க 1979 விதிகள் இடம் தருகின்றன. முழுநேரச் சம்பளத்தில் சேர்ந்தால் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும்.

நெறியாளரைத் தேர்வதில் அவசரம் வேண்டாம். சட்டத் துறையில் ஒருவர், பொருளியலில் இணை நெறியாளர் ஒருவர் என்று கேளுங்கள். சென்னை அடையாற்றின் எம்ஐடிஎஸ் (சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம்) போன்ற இடங்களில் பொருளியல் பக்கத்துக்கு ஆள் கிடைப்பார்கள். பணம் கட்டச் சொல்லி ஒரே வாரத்தில் வெளியிடும் இதழ்களுக்கு எதையும் அனுப்பாதீர்கள், அது பின்னால் நேர்காணலில் உங்களுக்கு எதிராகவே நிற்கும்.

ஆய்வேடு ஆங்கிலத்தில்தான் போகும். ஒப்படைக்கும் முன், கண்டுபிடிப்புகளை நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கமாக எழுதி, தகவல் தந்த ஊர்க்காரர்களிடம் கொடுங்கள். சர்வே எண், கிணற்றின் ஆழம், பணம் வந்த ஆண்டு என்று பிழைகளை அவர்கள்தான் பிடிப்பார்கள். திருத்தத்துக்கு இரண்டு மாதம் ஒதுக்கிவைத்து, அதன்பின் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புங்கள்.