திமிரா, வேறு காரணமா?

மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் போகும் பஸ்ஸில் கூட்டம் பிதுங்குகிறது. பெரியவர் ஒருவர் கம்பியைப் பிடித்துத் தள்ளாடுகிறார். பக்கத்து இருக்கை இளைஞன் அசையவே இல்லை. ‘திமிர்’ என்று மனம் சொல்லிவிடும். கண்ணால் கண்டது அவன் எழவில்லை என்பது மட்டுமே. திமிர் நாம் சேர்த்த சரக்கு. சூழ்நிலையை மறந்து பிறர் குணத்தையே குற்றம் சொல்லும் இந்தப் பிழையை உளவியலாளர் லீ ராஸ் 1977-இல் விளக்கி எழுதினார்.

அந்த நேரத்தில் வேறு இரண்டு காரணங்களை யோசியுங்கள். முழங்காலில் அடிபட்டிருக்கலாம், இரவு வேலை முடிந்து கண் சொருகியிருக்கலாம். நம்ப வேண்டியதில்லை (நிஜமாகவே திமிராகவும் இருக்கலாம்!), யோசித்தாலே கோபம் பாதி இறங்கிவிடும். பிறகு, “தம்பி, ஐயாவுக்குக் கொஞ்சம் இடம் கொடுங்கள்” என்று கேட்டுவிடுங்கள். ஒத்தக்கடை வரை முறைத்துக்கொண்டே போனால் பெரியவருக்கு இருக்கை கிடைக்காது.