மார்ஷ்மெல்லோ செய்தபடியே ஆங்கிலச் சொற்களைக் கற்பித்தல்

தருமபுரிப் பிள்ளைகளுக்கு ஆங்கில வினைச்சொற்களைப் பட்டியலாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட, மார்ஷ்மெல்லோ என்னும் மெத்தென்ற இனிப்பைச் செய்வதுபோலக் கை செய்யும் வேலையோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் அவை நெடுநாள் மனத்தில் நிற்கும்.

முதலில் இனிப்பை இறுகச் செய்யும் ஜெலட்டின் தூள் 20 கிராமை 120 மில்லி குளிர்ந்த நீரில் ஊறவிட்டு, ‘சோக்’ என்று சொல்லச் செய்யுங்கள். ஜெலட்டின் விலங்குகளிடமிருந்து பெறப்படுவதால், சைவ வீட்டாரிடம் முன்பே தெரிவித்துவிடுவது முறை. பிறகு 400 கிராம் சர்க்கரையை இன்னொரு 120 மில்லி நீரில் கரைக்கும்போது ‘டிசால்வ்’, கொதிக்கும்போது ‘பாயில்’. பாகு ஏறத்தாழ 115 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். வெப்பமானி இல்லையென்றால், அதிரசப் பாகுக்குப் பார்ப்பதுபோல் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அது மெத்தென்று உருண்டு வருகிறதா எனப் பாருங்கள். அந்தப் பதத்தின் பெயரே ‘சாஃப்ட் பால்’, அதாவது மெத்தென்ற உருண்டை. சூடான பாகை ஜெலட்டினில் பெரியவர்களே ஊற்ற வேண்டும்.

பிள்ளைகள் அதிகம் குழம்புவது ‘ஸ்டிர்’, ‘விஸ்க்’ என்னும் இரண்டில்தான். குழம்பைக் கரண்டியால் கிளறுவது ‘ஸ்டிர்’ என்றும், காற்றுப் புகுந்து பொங்கும்படி வேகமாக அடிப்பது ‘விஸ்க்’ என்றும் விளக்கி, மின் அடிப்பானால் பத்து நிமிடம் அடித்து, கலவை வெண்ணுரையாகப் பெருகுவதைக் காட்டினால், வேறுபாடு கண்ணெதிரே விளங்கும்.

சோளமாவு (கார்ன்ஃபிளவர்) தூவிய தட்டில் ஊற்றி, ஆறு மணி நேரம் கழித்து வெட்டுங்கள். அப்போது செய்தவற்றை இறந்தகாலத்தில் சொல்லச் சொல்லுங்கள்: ‘சோக்’ ‘சோக்ட்’ ஆகும், ‘பாயில்’ ‘பாயில்ட்’ ஆகும், ‘கட்’ மட்டும் ‘கட்’ ஆகவே இருக்கும்.